ஆள் இருக்கிற செக்டார்

அந்த அக்கா யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். சாமி படத்தைப் பார்க்கிறாரா, ஒட்டடையைப் பார்க்கிறாரா என்று வீட்டுக்காரர்கள் குழம்பிப்போவார்கள். அவர் பார்ப்பது மின்விசிறியை. எந்த விசிறி யாருக்காகச் சுற்றுகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆளில்லாத அறையில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் காபி டம்ளரைக் கையில் வாங்க மாட்டார். நேரே போய் சுவிட்சைத் தட்டி அதை அமர்த்திவிட்டு வந்துதான் உட்காருவார். பிறர் முகம் சுளிப்பது அவருக்குப் புரியாது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். நன்றாகப் புரியும், அதைப் பற்றிக் கவலைதான் கிடையாது.

தேனியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அவர் வந்ததே கரண்டை மிச்சம் பிடிக்கத்தான். கம்பம் பள்ளத்தாக்கில் நிற்கும் செல்போன் டவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பேட்டரி, ஜெனரேட்டர், உச்சியில் தொங்கும் ரேடியோப் பெட்டிகள் எல்லாம் என் தலையில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை ரொம்பக் குட்டை. மேலிடத்திலிருந்து வருகிறவர்கள் கம்ப்யூட்டரில் நாலு படம் காட்டுவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு நல்ல கடை எது என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். இவரும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் என்று நினைத்து முதல் வாரம் முகம்கொடுத்தே பேசவில்லை.

அவர் செய்ய வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டவர் மூன்று திசைகளைப் பார்த்து நிற்கும். ஒவ்வொரு திசைக்கும் செக்டார் என்று பெயர். ஊர் இருக்கும் செக்டாரில் நாலைந்து பெட்டிகள் தொங்கும். பேசுகிறவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை கரண்டைத் தின்றுகொண்டேதான் இருக்கும். கரண்ட் போய்விட்டால் பேட்டரியை, பேட்டரி தீர்ந்தால் டீசலைக் குடிக்கும். அதனால் ஆள் குறைந்த நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் விழிக்கவிட்டு மற்றவற்றைத் தூங்கவைக்க வேண்டும். அந்தப் பக்கம் எத்தனை போன் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து இதை மிஷினே செய்துவிடும். செய்யும் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அக்கா நம்பவில்லை.

"அது போனத்தான எண்ணுது தம்பி? ஆள எண்ணலையே?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானக்கா? இப்ப யாருக்கா போன விட்டுட்டு இருக்கா?"

"தேவாரத்துப் பக்கம் வா, காட்டுறேன்."

அவர் அந்தப் பக்கத்து ஆள்தான். தேவாரத்துக்கு மேற்கே மலையை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பகல் பதினொரு மணி வெயில். தெருவில் ஒரு கோழிகூட இல்லை. விடியும் முன்பே ஜீப்புகளில் ஏறி ஆணும் பெண்ணும் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்விடுகிற ஊர் அது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மலைமேல் நம் சிம் எடுக்காது, அங்குள்ள ஈரத்துக்குப் போன் கெட்டுப்போகும் என்று எல்லோரும் போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவார்கள். மிஷின் எண்ணிப் பார்க்கும். ஊர் நிறையப் போன். சரி, ஜனம் இருக்கிறது என்று பெட்டிகளை ஒன்றுவிடாமல் விழிக்கவிட்டுவிடும்.

நாங்கள் தெருவின் நடுவில் நின்றிருந்தபோது பூட்டிய வீடு ஒன்றுக்குள் போன் அடித்தது. அது ஓய்ந்ததும் எதிர்வீட்டில் அடித்தது. பிறகு அதற்கு அடுத்த வீட்டில். ஏதோ விளம்பரத்துக்காகப் பதிவுசெய்த குரல், வரிசையாக எல்லோரையும் கூப்பிடும் அல்லவா, அதுதான். காரணம் தெரிந்தும் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. வீட்டுக்கு வீடு விதவிதமான பாட்டு, எடுக்க ஒரு கை இல்லை. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்தார். கடைசி வீட்டில் போன் எதுவும் அடிக்கவில்லை. அங்கேதான் நின்றார்.

"இங்கன ஆள் இருக்காக," என்றார்.

வெளியே இவ்வளவு பெரிய பூட்டு தொங்கியது. "அக்கா, பூட்டக் கண்ணுல பாருங்க," என்றேன். அவர் கதவை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து, "யாரு?" என்று கிழக்குரல் ஒன்று கேட்டது. ஞாபகம் தப்பிய பெரியவர். வெளியே போய் வழி தெரியாமல் அலைவார் என்று உள்ளே சோறு தண்ணீர் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்களாம். அவரிடம் போனும் கிடையாது, கீனும் கிடையாது. அலுவலகத்துக்கு வந்து அந்த ஊர்ப் பெட்டிகளைத் தூங்கவைக்கும்போது, அந்த வீடு இருக்கும் செக்டாரை மட்டும் அக்கா தொடவில்லை.

"போனே இல்லாத கெழவனுக்கு எதுக்குக்கா சிக்னலு?" என்றேன்.

"ஆள் இருக்காகல்ல?" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அவர் ஆளைக் கண்டுபிடிக்கிற வித்தையையும் எனக்குக் காட்டியிருக்கிறார். திரையில் பெயர் வராது, நம்பர் வராது, சிக்னலின் பலத்தைக் காட்டும் கோடுகள் மட்டும் ஓடும். "கையில போன் வச்சிருக்கவன் திரும்புவான், குனிவான், பையில போடுவான். சும்மா உக்காந்திருந்தாலும் மூச்சு விடுறான்ல? கோடு ஆடிக்கிட்டே கெடக்கும். அலமாரில கெடக்குற போனப் பாரு," என்று இன்னொரு கோட்டைக் காட்டினார். அது அசையாமல் கிடந்தது. அன்றைக்கு மதியம் திரை முழுக்கப் பார்த்தேன். ஊர் ஊராக அசையாத கோடுகள். இந்தப் பள்ளத்தாக்கில் நாற்பது வருசமாக இருக்கிறேன், பகலில் இத்தனை ஊர் காலியாகக் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் வந்த பிறகு டீசல் வண்டி வருவது குறைந்தது. பேட்டரிகள் சூடாகாமல் இருந்தன. ஊர்க்காரர்களுக்கு எதுவும் தெரியாது. சாயங்காலம் ஜீப்புகள் மலை இறங்குவதற்குள் பெட்டிகள் எல்லாம் விழித்துவிடும். மேலிடத்தில் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். எனக்கும் அவர்மேல் மரியாதை வந்தது. பயம் வந்தது அந்த ஆஸ்பத்திரிச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

எங்கள் டிரைவரின் மாமியாரை உத்தமபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நானும் அக்காவும் பார்க்கப் போனோம். அந்த அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள், இப்போதுதான் அசந்து தூங்குகிறார்கள், காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார்கள் என்று. அக்கா வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். சுவரோரம் போய் அந்தக் கட்டிலுக்கு மேலே சுற்றிய விசிறியை அமர்த்திவிட்டார்.

"ஏம்மா, ஒனக்கு அறிவிருக்கா? எங்காத்தா வேக்காட்டுல கெடக்காக, காத்தாடிய அமத்துற!" என்று மகள் கத்தினாள்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் அந்த அம்மாவின் முகத்துக்கு அருகே குனிந்தேன். பிறகு நர்ஸைக் கூப்பிட ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மகளுக்குத் தெரியவில்லை, வாசலில் நுழைந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது வண்டியில் அக்கா சொன்னார், "நான் யோசிச்சுச் செய்யல தம்பி. கை தானாப் போயிருச்சு." அதன்பிறகு அவர் என் அறைக்குள் வந்து அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் நான் நாற்காலியை இழுத்துச் சத்தம் போடுவேன், இருமுவேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எங்கய்யாவின் விஷயம் இந்த நேரத்தில்தான் வந்தது. ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. அங்குள்ள டவரின் அந்தத் திசையில் ஊர் இல்லை, அதனால் ஒரே ஒரு பெட்டிதான். அது தூங்கினால் பக்கத்து டவரின் சிக்னல் எட்டும் என்று வரைபடம் சொல்கிறது. நடுவில் ஒரு பாறை நிற்பது வரைபடத்துக்குத் தெரியாது. உச்சி வேளையில் வேலையாட்கள் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஐயா மட்டும் பந்தலுக்குள் கத்தரிக்கோலோடு அலைந்துகொண்டிருப்பார். ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்த உடம்பு. சொன்னால் கேட்கிற ஆளா? "வீட்ல படுத்துக் கெடக்க நான் என்ன சீக்காளியா?" என்பார்.

மதியத்தில் தூங்கவைக்க வேண்டிய செக்டார்களில் அதுவும் ஒன்று என்று தெரிந்ததும் நான் அக்காவிடம் ஓடினேன். மானம் வெட்கம் பார்க்காமல் கெஞ்சினேன்.

"அக்கா, எங்கய்யா அங்கன ஒத்தையில இருக்காக. ஒரு அவசரம்னா கூப்புடணும்க்கா."

அக்கா திரையைப் பார்த்தார். ஒற்றைக் கோடு ஒன்று மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. முதன்முறையாக அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வெரசா நடக்குறாக ஒங்கய்யா," என்றார். "அங்கன ஆள் இருக்குற வரைக்கும் நான் அமத்த மாட்டேன் தம்பி. நீ போய் ஒன் வேலையப் பாரு."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு மதியம் ஐயாவிடமிருந்து அழைப்பு வந்தது. "ஏலே, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா," என்றார். பக்கத்துத் தோட்டத்து இபுராகிம் மாமுவுக்குப் போன் போட்டேன். அவர் ஐயாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ஐயா பிழைத்துக்கொண்டார். அந்தப் பெட்டி மட்டும் தூங்கியிருந்தால் அந்த அழைப்பு எனக்கு வந்தே இருக்காது. அக்காவுக்கு நன்றி சொன்னபோது, "நான் என்ன செஞ்சேன்? ஆள் இருந்தாக, பெட்டி முழிச்சிருந்துச்சு," என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் ஐயா போய்விட்டார். தோட்டத்தில் அல்ல, வீட்டில், எங்கள் எல்லோர் நடுவிலும், தூக்கத்தில். நல்ல சாவு என்றார்கள். எனக்கு எந்தச் சாவும் நல்ல சாவாகத் தெரியவில்லை. அவருடைய போனை அமர்த்தி, சிம்மைக் கழற்றி பீரோவில் வைத்தேன். தோட்டத்துப் பக்கம் போக மனசு வரவில்லை. வேலையாட்களையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காரியம் முடிந்து அலுவலகம் போன அன்று மதியம் அக்காவின் திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். கிழக்கு ஓரத்தில் எல்லாம் தூங்க, எங்கள் தோட்டத்துச் செக்டார் மட்டும் விழித்திருந்தது. பாவம், மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இனி அமத்திரலாம்க்கா. யாருக்காக எரியுது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆள் இருக்காக," என்றார்.

"யாருமில்லக்கா. போனே இல்லையே அந்தப் பக்கம்?"

"போன் இல்ல," என்று ஒத்துக்கொண்டார். பிறகு வேறொரு கோட்டை எடுத்துக் காட்டினார். போனே இல்லாவிட்டாலும் காற்றிலிருந்து ஏதோ ஒரு ரேடியோ இரைச்சல் பெட்டிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். மற்ற செக்டார்களில் அது தட்டையாகக் கிடந்தது. எங்கள் தோட்டத்தில் உச்சி வேளையில் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஆட்டம். பந்தலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்புகிற ஒருவருடைய வேகம் அதில் இருந்தது.

எனக்கு வந்ததே கோபம். பயத்தில் வந்த கோபம். "மோட்டார் ஸ்டார்ட்டரா இருக்கும், காத்துல கொடி ஆடியிருக்கும், மலைல எவனாச்சும் வெல்டிங் அடிச்சிருப்பான். எங்கய்யா செத்துப் போய்ட்டாக அக்கா! கொள்ளி வச்சவன் நான்!" என்று கத்திவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஸ்டார்ட்டரு ஆடாது தம்பி. காத்து ஆடுனா நாள் பூரா ஆடும்," என்று மட்டும் சொன்னார்.

இபுராகிம் மாமுவுக்குப் போன் போட்டு எங்கள் தோட்டத்துக்குள் யாராவது நடமாடுகிறார்களா என்று கேட்டேன். "ஒரு ஈ காக்காகூட இல்லையேப்பா. ஏன், கள்ளப் பயலுக எவனும் வர்றான்னு சொன்னாகளா?" என்று அவர்தான் பதறினார். போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் மேலதிகாரி ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். நல்ல மனிதர், கணக்கில் மட்டும் கறார். பள்ளத்தாக்கிலேயே போன் ஒன்றுகூட இல்லாமல் மதியம் முழுக்க விழித்திருக்கும் பெட்டி எங்கள் தோட்டத்துப் பெட்டிதான் என்று எடுத்துவைத்தார். அக்காவிடம் காரணம் கேட்டார்.

"அங்கன ஆள் இருக்கு சார்."

"எந்த ஆளும்மா? ஒரு போன்கூட இல்லையே?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்க தோட்டந்தானே அது? அப்பாவும் தவறிட்டாரு. இப்ப அங்க யாராவது இருக்காங்களா? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அமத்திடலாம்."

ஒரு வார்த்தைதான். சுடுகாட்டில் குடம் உடைத்தபோது வராத அழுகை அப்போது முட்டிக்கொண்டு வந்தது. ஐயா இல்லை என்று அதுவரை யாரிடமும் என் வாயால் நிதானமாகச் சொல்லியிருக்கவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. கத்தியதுகூடக் கோபத்தில்தான். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

"இருக்காக சார்," என்றேன்.

"காவலுக்கு ஆள் போட்டிருக்கீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப சரி, அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த டவருக்குப் போய்விட்டார்.

இங்கே வேலை முடிந்ததென்று அக்காவை ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். போகிற அன்றைக்குத் திரையை என்னிடம் ஒப்படைத்தார். மேசை விசிறியை அமர்த்தினார், பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "ஒரு தடவ போய்ட்டு வா தம்பி. உச்சி நேரத்துல போ. ஒங்கய்யாகிட்ட ஒனக்கென்ன பயம்?" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு வாஞ்சை இருந்தது. எனக்கு ஆறுதலாக இல்லை, மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

போனேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலுக்குள் மட்டும் அரையிருட்டு. கவனிக்க ஆளில்லாமல் கொடி கன்னாபின்னாவென்று வளர்ந்து கிடந்தது. பந்தலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். ஒரு இலை அசையவில்லை. மோட்டார் அறை, தொட்டி, உரச்சாக்கு எல்லாவற்றையும் பார்த்தேன். வாய்விட்டு "ஐயா" என்று கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் இரண்டு பைத்தியங்கள் சேர்ந்து ஒரு பெட்டியை எரியவிட்டிருக்கிறோம் என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. இன்றைக்கே அமர்த்திவிடுவது என்று முடிவுசெய்து தேனிக்கு வண்டியைத் திருப்பினேன்.

அமர்த்துவதற்கு முன்னால் அன்றைய மதியத்து இரைச்சல் கோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் தோட்டத்துக்குள் நுழையும் வரை அது வழக்கம்போல ஆடிக்கொண்டிருந்தது. நான் நுழைந்ததும் நின்றிருக்கிறது. நான் நடந்த நேரம், தேடிய நேரம், கூப்பிட்ட நேரம், அவ்வளவு நேரமும் ஆடாமல் நின்றிருக்கிறது. நான் வண்டி ஏறிய பிறகு மறுபடியும் ஆடத் தொடங்கியிருக்கிறது.

உடனே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நீ தோட்டத்துக்குப் போனா ஒங்கய்யா என்ன செய்வாக தம்பி?" என்று கேட்டார்.

சொல்லச் சொல்ல எனக்குக் குரல் உடைந்தது. "செய்யிற வேலைய விட்டுருவாகக்கா. பந்தக்காலப் புடிச்சுக்கிட்டு, நான் கெளம்புற வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டு நிப்பாக."



"கூப்புட்டேனேக்கா," என்றேன். "ஏலேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா." அலுவலகம் என்றும் பார்க்காமல் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.